மகன் துபாயில், மேட்ச் சேப்பாக்கத்தில்

கே: துபாயில் வேலை பார்க்கும் என் மகன், சி.எஸ்.கே. மேட்ச் அன்றைக்குப் போன் செய்து, "டிவி சத்தத்தைக் கூட்டும்மா" என்கிறான். அங்கே மேட்ச் தெரியாதா? (ஒரு தாய், திருவொற்றியூர்)

ப: தெரியும், அம்மா. நம் இரவு ஏழரை அங்கே மாலை ஆறு. ஒளிபரப்பு உரிமையை நாட்டுக்கு நாடு தனியாக விற்பதால் சேனல்தான் வேறு. அவன் கேட்பது தமிழ் வர்ணனையை. அதைவிட, விக்கெட் விழுந்தால் வீட்டில் எழும் கூச்சலை. தயங்காமல் சத்தத்தைக் கூட்டுங்கள். செல்போனில் பார்க்கிறவனுக்குப் படம் சில நொடி பிந்தி வரும். சிக்ஸரை முதலில் சொல்லிவிடாதீர்கள்!

சேனல்கள் காட்டாத தெருமுனை கேரமையும் வீடியோ காலில் காட்டுங்கள். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா உங்கள் வடசென்னைப் பெண்தானே!