வெளியாள் வந்தால் நடுநிலை வந்துவிடுமா?

சூரமங்கலம்

அன்புள்ள மலர்விழி,

உன் கடிதம் வந்ததிலிருந்து அதில் இருந்த ஒரு கேள்வி என்னை விடவில்லை. "வெளியாள் வந்து பார்த்தால்தானேம்மா நடுநிலையா இருக்கும்?" என்று கேட்டிருக்கிறாய். கூடவே உங்கள் நிறுவனம் தயாரித்த விளம்பர வரைவையும் அனுப்பியிருக்கிறாய். மூன்றாண்டாக நடந்த இனப்பெருக்க நல, பாலின சமத்துவத் திட்டம் முடிகிறது, வெளிநாட்டு நிதியாளர் மதிப்பீடு கேட்கிறார், ஆலோசகர் தேவை. தகுதிகள்: பத்தாண்டு அனுபவம், இத்தனை லட்சத்துக்குக் குறையாத ஆண்டு வருமானம், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் திறமை. திருப்பித் திருப்பிப் படித்தேன். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் ஒரு பெண்ணோடு உட்கார்ந்து தமிழில் பேசத் தெரிந்தவர் வேண்டும் என்று ஓரிடத்தில்கூட இல்லை. எரிச்சல்தான் வந்தது. இந்த வரைவு உன்னுடையது அல்ல, எங்கிருந்தோ எடுத்துப் பெயரை மாற்றியது என்று தெரியும். ஆனால் இப்போது திருத்தும் பொறுப்பு உன்னுடையது.

மதிப்பீடு என்றால் என்ன, தொடக்கத்தில் எடுக்கும் பேஸ்லைன் எதற்கு, முடிவில் எடுக்கும் எண்ட்லைன் எதற்கு என்பதையெல்லாம் வகுப்பிலேயே படித்துவிட்டாய். ஓ.இ.சி.டி. அமைப்பின் வளர்ச்சி உதவிக் குழு 1991இல் ஐந்து அளவுகோல்கள் வகுத்ததும், 2019இல் ஆறாவதைச் சேர்த்ததும் உனக்கு மனப்பாடம். அவற்றை விட்டுவிடுகிறேன். யாரை அழைப்பது, அவரிடம் எதைக் கேட்பது என்பதை மட்டும் பேசுவோம். அதற்கு நம் சேலம் மாவட்டத்தைவிட நல்ல பாடம் வேறு இல்லை.

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அப்போது நாமக்கல்லையும் உள்ளடக்கியிருந்த சேலம் மாவட்டத்தில், ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் 849. தமிழ்நாடு முழுவதற்குமான எண் 948. நாடே திரும்பிப் பார்த்தது. அதற்குப் பத்தாண்டு முன்பிருந்தே டென்மார்க் அரசின் டானிடா நிதியில் சேலத்திலும் தென்னாற்காட்டிலும் ஒரு சுகாதாரத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. துணை சுகாதார நிலையங்கள் கட்டினார்கள், செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நல்ல வேலைதான். ஆனால் எத்தனை கட்டடம், எத்தனை பயிற்சி என்று மட்டும் எண்ணிப் பார்ப்பவர் கண்ணுக்கு அந்த 849 தெரியாது. கட்டடம் நிற்கும். பெண் குழந்தை இருக்காது.

உண்மையை வெளியே கொண்டுவந்தது எது தெரியுமா? கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேடு. பிறப்பு, இறப்பு, எத்தனையாம் நாளில் இறப்பு, ஆணா பெண்ணா, எத்தனையாவது குழந்தை, என்ன காரணம் எல்லாம் அதில் இருந்தன. காரணம் எழுதும் இடத்தில் 'சமூகக் காரணம்' என்று அந்தச் செவிலியர்கள் எழுதியிருந்தார்கள். தான் வேலை பார்க்கும் ஊரில், தினமும் முகம் பார்க்கும் வீடுகளைப் பற்றி அப்படி எழுதுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பார். டானிடா திட்டத்தின் பொறுப்பில் இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளாதாரப் பேராசிரியர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஆரம்ப சுகாதார நிலையங்களின் அந்தக் கணக்குகளைத் திரட்டி, 1997 ஏப்ரலில் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் கட்டுரையாக எழுதினார்கள். பெண் சிசுக்கொலை மதுரைப் பக்கத்து உசிலம்பட்டியோடு நிற்கவில்லை, சேலம், தர்மபுரி வழியாக ஒரு பெரிய நிலப்பரப்பில் பரவியிருக்கிறது என்பது அதற்குப் பிறகு மறுக்க முடியாததாயிற்று.

அவர்கள் கணக்குப் பார்த்த முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பிறந்த முதல் மாதத்தில் ஆண் குழந்தைகள்தான் அதிகம் இறக்கும். இது உடலியற்கை, எல்லா நாட்டிலும் அப்படித்தான். ஆகவே ஒரு வட்டாரத்தில் முதல் வாரத்தில் இறந்த குழந்தைகளில் பெண்கள் கூடுதலாக இருந்தால், அங்கே இயற்கைக்கு மேல் ஏதோ நடக்கிறது. யாரையும் கேட்க வேண்டியதில்லை, யாரும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அடுத்து, எத்தனையாவது குழந்தை என்று பார்த்தால் முதல் பெண்ணுக்கு ஆபத்து குறைவு, இரண்டாவது மூன்றாவது பெண்ணுக்குத்தான் அதிகம். எப்போது இறந்தது, ஆணா பெண்ணா, எத்தனையாவது குழந்தை: இந்த மூன்றையும் குறுக்காக வைத்துப் பார்த்தால் போதும். வீடு வீடாகப் போய் "உங்கள் ஊரில் சிசுக்கொலை உண்டா?" என்று கேட்டிருந்தால், "எங்க ஊர்ல அப்படியெல்லாம் இல்லீங்க" என்ற பதில்தான் ஆயிரம் தாளில் நிரம்பியிருக்கும்.

இப்போது உன் கேள்விக்கு வா. அந்தக் கட்டுரையை எழுதிய இருவரில் ஒருவர் திட்டத்தையே நடத்தியவர், உள்ளாள். மற்றவர் பல்கலைக்கழகத்துக்காரர், வெளியாள். உள்ளாளுக்கு எந்தப் பதிவேடு எங்கே இருக்கிறது, எந்தப் பத்தி நம்பத்தக்கது என்று தெரியும். வெளியாளுக்கு அதைக் கேள்வி கேட்கும் சுதந்திரம் உண்டு. இருவரும் சேர்ந்ததால்தான் அந்தக் கணக்கு நின்றது. தூரத்திலிருந்து வருவதால் மட்டும் ஒருவருக்கு நடுநிலை வந்துவிடாது. பிடிக்காத பதிலையும் எழுதினால் தன் கூலி நிற்காது என்ற உறுதியும், அந்தப் பதிலைக் கண்டுபிடிக்கும் திறமையும் சேர்ந்தால்தான் வரும். ஆகவே மதிப்பீட்டுக் குழுவில் ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் இருக்கட்டும். உங்கள் திட்டத்தில் சம்பளம் வாங்காதவராக, பக்கத்து வட்டாரத்துக்காரராகப் பார்த்துக்கொள். விளம்பரத்தில் இதை ஒரு நிபந்தனையாகவே போடு.

தூரத்திலிருந்து வந்தவர்கள் பட்ட பாட்டுக்கு ஒரு புத்தகம் சொல்கிறேன். என் அலமாரியில் அட்டை கிழிந்து கிடக்கிறது, வந்தால் எடுத்துக்கொண்டு போ. மஹ்மூத் மம்தானி 1972இல் எழுதிய 'தி மித் ஆஃப் பாப்புலேஷன் கன்ட்ரோல்'. பஞ்சாபில் லூதியானா பக்கம் கன்னா என்ற ஊரைச் சுற்றி, 1950களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் கருத்தடை ஆய்வு ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்தினார்கள். வீடு தேடிப் போய் மாத்திரை கொடுத்தார்கள், மக்கள் வாங்கிக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்டவர்கள் எண்ணிக்கை தாளில் அழகாக இருந்தது. பிறப்பு விகிதத்தில் மட்டும் திட்டத்தால் வந்த மாற்றம் என்று காட்ட எதுவும் இல்லை. பிறகு மம்தானி மனுப்பூர் கிராமத்துக்குப் போய் உட்கார்ந்து பேசியபோதுதான் விஷயம் தெரிந்தது. தேடி வந்தவர்கள் மனம் நோகக் கூடாதென்று வாங்கி வைத்திருக்கிறார்கள். ஒருவர் அந்த மாத்திரைப் பெட்டிகளை அடுக்கி வீட்டில் அலங்காரமாகவே செய்து வைத்திருந்தார். மம்தானியின் எல்லா முடிவுகளும் எனக்கு உடன்பாடில்லை. நிலத்தில் உழைக்கப் பிள்ளைகள் வேண்டும் என்பதைக் கொண்டே எல்லாவற்றையும் விளக்கிவிடப் பார்ப்பார். பெண்ணின் உடம்பு அவர் கண்ணில் அவ்வளவாகப் படவில்லை. ஆனாலும் மதிப்பீட்டு வேலைக்கு வரும் ஒவ்வொருவரும் அதைப் படித்திருக்க வேண்டும் என்பேன்.

நம் பக்கத்தில் மரியாதை இன்னும் அதிகம். "இந்தத் திட்டத்தால் பயன் அடைந்தீர்களா?" என்று கேட்டால் "நல்லா இருக்குதுங்க, இன்னும் நடத்துனா நல்லதுங்க" என்பார்கள். அது விருந்தாளிக்குச் சொல்லும் பதில். அதை எண்ணி, சதவீதம் போட்டு, வண்ணப் படம் வரைந்து நூறு பக்க அறிக்கை தருகிற நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்களிடம் ஏமாந்துவிடாதே.

வளர்க்க மனமில்லாத பெண் குழந்தைகளை அரசே ஏற்றுக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டத்தை எடுத்துக்கொள். 1992இல் முதலில் நம் சேலத்தில்தான் தொடங்கினார்கள். 2001இல் நாமக்கல், தர்மபுரி, மதுரை, தேனி என்று விரிவாக்கினார்கள். இதை மதிப்பிட உன்னிடம் கொடுத்தால் எதை எண்ணுவாய்? தொட்டிலுக்கு வந்த குழந்தைகளையா? அந்த எண் கூடினால் உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்றும் படிக்கலாம், பெண் குழந்தையைக் கைவிடுவது சுலபமாகிவிட்டது என்றும் படிக்கலாம். குறைந்தால் பெண் குழந்தையை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள் என்றும் சொல்லலாம், ஸ்கேன் சென்டரிலேயே முடித்துவிடுகிறார்கள் என்றும் சொல்லலாம். ஒரே எண், நேர் எதிரான பொருள்கள். 2001 கணக்கெடுப்பில் சேலம் 851இல் நின்றது. 2011இல்தான் 900ஐத் தாண்டியது. தொட்டிலாலா, கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிறகு இறுக்கியதாலா, 1998இல் தர்மபுரியில் சிசுக்கொலைக்கு எதிராக ஊர் ஊராகப் போன கலைப்பயணம் போன்றவற்றாலா, பெண்கள் படித்து வேலைக்குப் போனதாலா? எல்லாம் கலந்துதான். "எங்கள் திட்டத்தால்" என்று ஒற்றை வரியில் எழுதித் தரும் ஆலோசகரை அந்த இடத்திலேயே நிறுத்து. தீமை குறைந்ததா, இடம் மாறியதா என்று கேட்கத் தெரிந்தவர்தான் வேண்டும். சிசு இறப்பை மட்டும் பார்த்தால் வெற்றி என்று தோன்றும். பிறக்கும்போதே உள்ள ஆண், பெண் விகிதத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுக் கதை தெரியும்.

விண்ணப்பித்தவர்களைத் தேர்ந்தெடுக்க நான் சொல்லும் வழி இதுதான். வரவு செலவுக் கணக்கைக் கேட்பதற்குப் பதில் இப்படி ஒரு கேள்விக்கு இரண்டு பக்கத்தில் பதில் எழுதச் சொல். தொட்டிலையே கொடு. எழுத்திலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

பாலினம் என்ற பகுதியில்தான் உங்கள் வரைவு மிகவும் மெலிந்திருக்கிறது. 'கூட்டங்களுக்கு வந்த பெண்கள் எத்தனை பேர்' என்று ஒரே ஒரு குறியீடு. இதை நான் ஏற்கமாட்டேன். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 கணக்கில் தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் ஏறத்தாழ 58 சதவீதம் பேர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை சிகிச்சை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, அதுதான் சிறிய அறுவை என்றாலும். உங்கள் திட்டம் கணவன்மாரோடு எதையாவது பேசியதா? ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முடிவெடுத்தது யார், பணம் யார் கையிலிருந்து வந்தது, 'போதும்' என்று சொல்ல அவளால் முடிந்ததா? இவற்றைக் கேட்காத மதிப்பீட்டுக்குப் பாலினம் என்று பெயர் வைக்காதே.

களத்தில் யார் நடப்பார் என்பதையும் இப்போதே தீர்த்துக்கொள். மூத்த ஆலோசகர் பெயரைக் காட்டி ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டு, நேற்று படிப்பு முடித்த பையன்களை டேப்லெட்டோடு தெருவில் இறக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. மாதவிடாயைப் பற்றியும் கருக்கலைப்பைப் பற்றியும் அவனிடம் யார் பேசுவார்? விலை குறைத்துக் கேட்பவர் வெட்டுவது பெரும்பாலும் பெண் கணக்கெடுப்பாளரையும் களநாட்களையும்தான். அதனால் களத்துக்கு வருபவர்களின் பெயர்களை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கு. காலை பதினோரு மணிக்கு வந்தால் குமாரபாளையத்தில் பெண்கள் தறியில் இருப்பார்கள். இரவு ஷிப்ட் முடித்தவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். கதவைத் திறப்பது மாமியார். அவர் சொன்ன பதிலை மருமகள் பதிலாக எழுதிக்கொண்டு போய்விடுவார்கள்.

இன்னொன்று. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுகிறாள். ராசிபுரத்தில் உங்கள் பட்டியலில் இருப்பவள் ஆத்தூர்ப் பக்கம் பிள்ளை பெறுகிறாள். பதினேழு வயதில் கல்யாணம் முடித்து அனுப்பிய பெண்ணும், குடும்பத்தோடு திருப்பூருக்கோ செங்கல் சூளைக்கோ போனவளும் பட்டியலிலிருந்தே மறைந்துவிடுவார்கள். திட்டம் யாருக்கு உதவவில்லையோ அவர்கள்தான் பெரும்பாலும் ஊரில் இருக்கமாட்டார்கள். இருப்பவர்களை மட்டும் கேட்டால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். பேஸ்லைன் பட்டியலில் இருந்தும் எண்ட்லைனில் இல்லாத பெண்களில் ஒரு பகுதியினரையாவது தேடிப் போய்ப் பார்க்க வேண்டும், அதற்குத் தனியாக நாளும் பணமும் ஒதுக்க வேண்டும் என்று எழுது. தாய்வீட்டுக்குப் போனவளைத் தேட கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அவளுக்குத் தரப்பட்ட பிக்மி எண் உதவும். ஆனால் அதைச் செவிலியர் வழியாக, அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

வளரிளம் பெண்களைப் பேட்டி எடுப்பதாக வரைவில் இருக்கிறதே, அதில் மிகவும் எச்சரிக்கையாக இரு. பதினெட்டு வயது நிரம்பாத பெண் கர்ப்பம் பற்றியோ உறவு பற்றியோ வாய் திறந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி கேட்டவர் அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமைக்குள் வந்துவிடுகிறார். இது தெரியாத ஆலோசகர் ரகசியம் காப்பதாக அவளுக்கு வாக்குக் கொடுப்பார். காப்பாற்ற முடியாத வாக்கு அது. என்ன கேட்கக் கூடாது, தானாகச் சொன்னால் என்ன செய்வது, அவளை யாரிடம் அழைத்துப்போவது என்பதெல்லாம் முன்பே எழுதப்பட்டு, ஒரு நெறிமுறைக் குழு பார்த்து ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும். அந்த ஒப்புதல் இல்லாமல் ஒரு கேள்வித்தாளும் வெளியே போகக் கூடாது.

அறிக்கையின் முதல் வரைவு வந்ததும் உங்கள் செயலாளர் 'இந்தப் பத்தி வேண்டாமே' என்பார். தகவல் பிழை இருந்தால் திருத்தச் சொல்லும் உரிமை மட்டும்தான் நிறுவனத்துக்கு உண்டு. மாற்றுக் கருத்து இருந்தால் அதைத் தனியாக, பின்னிணைப்பில் அச்சிடலாம். கண்டறிந்ததை நீக்கச் சொல்ல முடியாது என்று ஒப்பந்தத்திலேயே போட்டுவிடு. கடைசித் தவணையை, நீங்கள் வேலை செய்த ஊர்களில் அந்தப் பெண்களைக் கூட்டி, கண்டறிந்ததைத் தமிழில் சொல்லி, அவர்கள் மறுத்ததையும் எழுதிச் சேர்த்த பிறகே கொடுக்க வேண்டும். இதற்கு நிதியாளர் முனகினால் என் பெயரைச் சொல்.

திருத்திய வரைவை மாதக் கடைசிக்குள் அனுப்பு. கேள்வித்தாள் தயாராகியிருந்தால் அதையும் சேர்த்து வை கண்ணு. மாமியார் பக்கத்தில் இருக்கும்போது கேட்கக் கூடாத கேள்விகளை நான் குறித்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் ஆசிரியை