சிறு பாட்டும் பல பொருளும்

சென்னைக்கு மேற்கே, ஆவடியை அடுத்துள்ள ஊர் பருத்திப்பட்டு. அவ்வூரின் பெயரால் வழங்கும் ஏரி ஒன்று அங்கே உண்டு. 2019ஆம் ஆண்டில் அதன் கரையில் நடைபாதையுடன் கூடிய பூங்கா திறக்கப்பெற்றது. மாலைப் பொழுதில் நீரோரத்துப் பட்ட கிளையில் நீர்க்காகம் ஒன்று வந்து அமர்கின்றது எனக் கொள்க. மீன் பிடித்துப் பழகிய ஒருவர், ‘இவ்விடத்தில் மீன் உண்டு’ என்று அறிந்து கொள்கின்றார். முதியவர் ஒருவர் அதனைக் கண்டு தம் தனிமையை எண்ணுகின்றார். பள்ளியிலிருந்து திரும்பும் சிறுவனுக்கோ, அது சிறகு விரித்து உலர்த்தும் தோற்றமே வேடிக்கையாகின்றது. காட்சி ஒன்று; கருத்து மூன்று.

இவ்வாறு காட்சியை மட்டும் காட்டிக் கருத்தைக் கூறாது விடுவது ஜப்பானியரின் ஹைக்கூ. ஐந்து, ஏழு, ஐந்து எனப் பதினேழு ஒலிக்கூறுகளால் அமைவது அதன் மரபு. பருவத்தை உணர்த்தும் சொல் ஒன்றும் அதில் இடம்பெறும். தொடர்ப்பாட்டின் முதற்பகுதியாய் இருந்த இது, முன்னாளில் ‘ஹொக்கு’ எனப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மசவோகா ஷிகி என்னும் புலவர் இதனைத் தனிப்பாட்டாக நிலைநாட்டினார். ‘ஹைக்கூ’ என்னும் பெயரும் அவரால் நிலைபெற்றது.

தமிழர்க்கு இப்பாட்டை அறிமுகப்படுத்திய பெருமை பாரதியாருக்கு உரியது. அவர் புதுவையில் வாழ்ந்த காலத்தில், 1916ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், ‘சுதேசமித்திரன்’ இதழில் ஜப்பானியக் கவிதை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதே ஆண்டில் ஜப்பானுக்குச் சென்ற இரவீந்திரநாத தாகூரும், தம் பயண நூலில் இத்தகைய பாட்டுகளை வியந்து எழுதினார். கவிஞர் காட்சியைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றார். எஞ்சியதைப் படிப்பவரின் மனக்கண்ணே கண்டுகொள்ளும் என்பது அவர் கருத்து.

படிப்பவர் காண்பது ஒன்றாகவே இருக்குமோ எனின், இராது. வாடிய கிளையில் காக்கை அமர்ந்ததைக் கூறும் பாட்டு ஒன்று உண்டு. அதனைப் பாடியவர் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாஷோ. ஜப்பானிய மொழியில் பெயர்ச்சொல் ஒருமை பன்மை காட்டாது நிற்கும். ஆதலின் அங்கே அமர்ந்தது ஒரு காக்கையோ, பல காக்கைகளோ, பாட்டைக் கொண்டு துணிய இயலாது. அப்பாட்டுக்கு எழுந்த பழைய ஓவியங்களுள் ஒன்றில் ஒரே காக்கையும், மற்றொன்றில் காக்கைக் கூட்டமும் காணப்படுகின்றன. பாட்டின் இறுதித் தொடரும் இலையுதிர்காலத்து மாலையையும் குறிக்கும். அக்காலத்தின் முடிவையும் குறிக்கும்.

பாடியவரே அறியாத பொருளும் பாட்டில் இருத்தல் கூடும். இதற்குச் சான்றாகும் நிகழ்ச்சி ஒன்றைப் பாஷோவின் மாணவராகிய கியோராய் தாமே எழுதி வைத்துள்ளார். பாறை முனையில் நிலவைக் காண வந்திருக்கும் ஒருவரைப் பற்றி அவர் ஒரு பாட்டு இயற்றினார். ஷாதோ என்னும் மற்றொரு மாணவர், நிலவைக் காண்பது மனிதராக அன்றிக் குரங்காக இருப்பின் நன்று என்றார். பாஷோ அதனை ஏற்கவில்லை. அவர் கியோராயை நோக்கி, “நீர் கருதிய பொருள் யாது?” என வினவினார். நிலவொளியில் உலவியபோது பாறைமேல் வேறொரு கவிஞரைத் தாம் கண்டதாகக் கருதியே பாடியதாகக் கியோராய் விடை கூறினார். அதற்குப் பாஷோ, பாறைமேல் இருப்பவர் கியோராயே என்றும், அவர் நிலவை நோக்கித் தம்மை அறிவித்துக்கொள்வதாகவும் கொண்டால் பாட்டு மிகச் சிறக்கும் என்றார். தாம் கருதியதினும் ஆசிரியர் கண்ட பொருளே உயர்ந்தது எனக் கியோராய் உணர்ந்தார்; தம் பாட்டின் உட்பொருளைத் தாமே அறியாதிருந்ததையும் ஒளியாது எழுதினார்.

இந்நிகழ்ச்சியில் ஒரு நுட்பம் உண்டு. ஷாதோ தமக்குத் தோன்றியதற்கு ஏற்பச் சொல்லை மாற்ற முயன்றார். பாஷோவோ ஒரு சொல்லையும் மாற்றாமல், இருக்கும் சொற்களுக்குள்ளேயே ஆழ்ந்த பொருளைக் கண்டார். முன்னது திருத்தம், பின்னது பொருள் காணல். படிப்பவருக்கு உரிமை உண்டு. ஆயினும் அவ்வுரிமைக்குச் சொல்லே வரம்பு.

இம்முறை தமிழர்க்குப் புதியதன்று. சங்கப் புலவர் இயற்கைக் காட்சியைக் கூறி, அதனுள்ளே மாந்தர் மனநிலையை மறைத்து வைத்தனர். தொல்காப்பியம் இதனை உள்ளுறை என வழங்கும். திருக்குறளுக்குப் பழைய உரைகள் பத்து எழுந்தன என்பர். பரிமேலழகரும் மணக்குடவரும் ஒரே குறளுக்கு வேறு வேறு பொருள் கூறும் இடங்கள் உள. அவ்வேறுபாட்டால் குறள் சிறுமையுற்றதில்லை. கற்பவர் இரண்டையும் ஒப்புநோக்கி, மூலத்தின் சொற்களோடு பொருந்துவது எதுவென ஆராய்ந்தே தெளிவு பெறுகின்றனர்.

ஆதலின், ஹைக்கூவைப் பயில்வோர் அதன் சொற்களை முதலில் பொறுமையுடன் நோக்குதல் வேண்டும். பருவம் எது, பொழுது எது, கூறாது விட்டது யாது என ஆராய்தல் வேண்டும். தாம் கண்ட பொருளுக்குச் சொல்லில் சான்று காட்டுதலும், பிறர் கண்ட பொருளுக்குச் செவி சாய்த்தலும் வேண்டும். தம் பாட்டைப் பிறர் கண்கொண்டு பார்க்க நாணாத கியோராயின் பணிவு, கவிஞர்க்கு மட்டுமன்றிக் கற்பவர் அனைவர்க்கும் அணியாகும். ஏரிக்கரையில் நின்ற மூவரும் தாம் கண்டதை ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்வாராயின், ஒரு பறவை மூன்று பறவைகளின் அழகைப் பெறும்.