பழைய லேப்டாப்புக்குப் புது வாழ்வு

சிக்கந்தராபாத்தில் பார்க் லேன் என்று ஒரு தெரு. அங்கே செனாய் டிரேட் சென்டர் என்ற பெரிய கட்டடம் இருக்கிறது. ஊரில் சி.டி.சி. என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். புதிய கணினி, பழைய கணினி, உதிரிபாகம், பழுது பார்ப்பு எல்லாம் அங்கே உண்டு.

ஓர் அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். தையல் தொழில் செய்கிறார். வீட்டில் பதினைந்து வருஷத்து லேப்டாப் ஒன்று. போட்டால் திறக்கவே பத்து நிமிடம் ஆகிறது. "இது இனிமேல் தேறாது அக்கா, தூக்கிப் போடுங்க" என்கிறார்கள். எதிர்வீட்டுத் தம்பி கல்லூரியில் படிக்கிறவன். அவன் வேறு மாதிரி சொல்கிறான்.

"அக்கா, திரை எரியுதா? எழுத்துப் பலகை வேலை செய்யுதா?"

"எல்லாம் செய்யுது தம்பி. வேகம்தான் இல்லை."

"அப்போ கெட்டது பொருள் இல்லை அக்கா. உள்ளே ஓடுற மென்பொருள்தான் அதுக்குப் பாரமா இருக்கு."

தம்பி சொல்வது பெரும்பாலும் சரி. மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றை ஏற்றுக்கொள்வதில்லை. பொருள் நன்றாகவே இருக்கும். ஆனாலும் புதியது வாங்கும் நிலை வந்துவிடுகிறது.

இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. அதுதான் கட்டற்ற மென்பொருள்.

அக்காவின் தொழிலையே எடுத்துக்கொள்வோம். தைத்த ரவிக்கையை மட்டும் ஒருவர் கையில் கொடுத்தால் போட்டுக்கொள்ளலாம். அதன் காகித வெட்டையும் கொடுத்தால்? அளவை மாற்றலாம். இன்னொன்று தைக்கலாம். பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். மென்பொருளுக்கும் அப்படி ஒரு வெட்டு உண்டு. அதற்கு மூல நிரல் என்று பெயர். அதை எல்லோரும் பார்க்கவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் உரிமை இருந்தால் அது கட்டற்ற மென்பொருள். பெரும்பாலும் காசில்லாமல் கிடைக்கும். ஆனால் முக்கியம் காசு அல்ல, உரிமை.

அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் 1983-இல் குனு என்ற திட்டத்தை அறிவித்தார். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை வெளியிட்டார். இரண்டும் சேர்ந்து முழு இயங்குதளம் ஆயிற்று. ஹைதராபாத்தில் 2005-இல் தொடங்கிய சுவேச்சா என்ற அமைப்பு, தெலுங்கிலேயே வேலை செய்யும் இயங்குதளத்தைக் கொண்டுவந்தது. குழந்தைகளுக்கென்று பால சுவேச்சாவும் வந்தது. சுவேச்சா என்ற சொல்லுக்கே சுதந்திரம் என்றுதான் பொருள். தமிழிலும் தன்னார்வலர்கள் லினக்ஸ் திரைகளை மொழிபெயர்த்திருக்கிறார்கள்.

போடுவது எப்படி? முதலில் உங்கள் படங்கள், கணக்குகள் எல்லாவற்றையும் வேறொரு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். இதை விட்டுவிட்டு எதையும் தொடாதீர்கள். பிறகு லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கிப் பாருங்கள். உள்ளே எதுவும் அழியாது. வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா என்று சோதியுங்கள். திருப்தி என்றால் நிறுவலாம். பழைய கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய திரைவடிவம் போதும். நினைவகம் 4 ஜிபி இருந்தால் நல்லது. சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் வேகம் கண்ணுக்கே தெரியும். பழைய லேப்டாப் வாங்குகிறவர்கள் 64 பிட்டா என்று கேட்டு வாங்குங்கள். 2025-இல் வந்த டெபியன் 13-ஐ 32 பிட் கணினிகளில் புதிதாக நிறுவ முடியாது.

இன்னும் ஒரு படி உண்டு. கணினியைப் போட்டவுடன் முதலில் விழிப்பது இயங்குதளம் அல்ல. பலகையில் ஒட்டியிருக்கும் ஒரு சின்ன சிப்புக்குள் உள்ள நிரல்தான். அதைப் பயாஸ் என்பார்கள். அதுவும் நிறுவனத்தின் பூட்டுக்குள்தான் இருக்கிறது. உதாரணமாக, திங்க்பேட் எக்ஸ் 200 என்ற 2008-ஆம் ஆண்டு லேப்டாப்பில் வைஃபை அட்டை கெட்டால் கையில் கிடைத்த அட்டையைப் போட முடியாது. பட்டியலில் இல்லாத அட்டையைப் பயாஸ் ஏற்காது.

இந்த நிரலுக்கும் திறந்த மாற்று இருக்கிறது. 1999-இல் லினக்ஸ்பயாஸ் என்று தொடங்கி, 2008-இல் கோர்பூட் என்று பெயர் மாறியது. அதைச் சாதாரண மக்கள் போடுவதற்கு ஏற்றபடி செய்து தரும் திட்டம் லிப்ரேபூட். எல்லாக் கணினிக்கும் அது பொருந்தாது. எக்ஸ் 60, எக்ஸ் 200 போன்ற சில வகைகளுக்குத்தான்.

இங்கே கவனம் தேவை. எக்ஸ் 200-இல் முதல் முறை எழுத, லேப்டாப்பைத் திறந்து சிப்பின் கால்களில் கவ்வி மாட்ட வேண்டும். கவ்வியின் மறுமுனை இன்னொரு சிறு கணினியில் இருக்கும். அந்தச் சிப் தாங்குவது 3.3 வோல்ட். மலிவான சில கருவிகள் 5 வோல்ட் அனுப்பிவிடும். சிப் கெட்டுப்போகலாம். எழுதும் முன் பழைய நிரலை இரண்டு முறை படித்து, இரண்டு நகலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். ஒன்றாக இல்லை என்றால் கவ்வி சரியாகப் பிடிக்கவில்லை. எழுதக்கூடாது. தவறாக எழுதினால் கணினி விழிக்காது. நகல் பத்திரமாக இருந்தால் அதையே திரும்ப எழுதிச் சரிசெய்யலாம்.

தையல் கணக்கு எழுதவும், பிள்ளைகள் படிக்கவும் லினக்ஸ் ஒன்றே போதும். சிப்பைத் தொடுவது பழகியவர் கூட இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை.

உங்கள் வீட்டு லேப்டாப்பைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் அதன் பெயரும் வகை எண்ணும் இருக்கும். படித்து, இந்தக் கோட்டில் எழுதுங்கள்.

பெயர்: ....................

வகை எண்: ....................