மலைத்தோட்டத்தில் அசேலியா

ஊட்டி, கொடைக்கானல் குளிரில் அசேலியா நன்றாக வரும். சமவெளி வெயிலில் வைத்து ஏமாறாதீர்கள். மண்ணில் அமிலத்தன்மை வேண்டும்: பி.எச். 4.5 முதல் 6 வரை. நரம்பு பச்சையாக இருக்க, இலை மட்டும் மஞ்சளித்தால் பெரும்பாலும் வேருக்கு இரும்புச்சத்து எட்டவில்லை என்று பொருள். சுண்ணாம்பும் அடுப்புச் சாம்பலும் பக்கத்திலேயே வேண்டாம். போர்வெல் கடினநீரைவிட மழைநீர் நல்லது.

வேர் மேலாகவே படரும். ஆழமாக நடாதீர்கள், அடியில் கொத்தாதீர்கள். பைன் சருகை 2 அங்குலம் பரப்புங்கள், தண்டை ஒட்டாமல்.

கவாத்து, பூ உதிர்ந்த கையோடு. தள்ளிப்போட்டால் அடுத்த பருவத்து மொட்டும் கத்தரியோடு போய்விடும் (பலரும் ஒருமுறையாவது செய்யும் தவறு). இலை, பூ எல்லாமே நஞ்சு; ஆடு, நாய் கடிக்காத இடமாகப் பாருங்கள்.