சிறு விவசாயிக்கு ஏற்ற மீன் வளர்ப்பு எது?

வயலோரக் குட்டையில் மீன் வளர்த்தால் குடும்பத்திற்கு உணவும் வருமானமும் கிடைக்கும். முற்காலத்தில் கெண்டைக் குஞ்சுகளுக்கு ஆறுகளையே நம்பியிருந்தனர். 1957-ஆம் ஆண்டு டாக்டர் ஹீராலால் சௌத்ரி, பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி, கெண்டை மீன்களை முட்டையிடச் செய்தார். அதன் பயனாக இன்று பண்ணைகளிலேயே குஞ்சுகள் கிடைக்கின்றன. அவற்றைக் குறைந்த செலவில் வளர்ப்பதா, அதிகச் செலவில் வளர்ப்பதா என்பதை நாம் இங்கு ஆராய்வோம்.

முதல் முறையில் குட்டைக்குச் சுண்ணாம்பும் சாணமும் இடுவர். சாணச் சத்தினால் நீரில் நுண்ணுயிர்கள் பெருகி மீனுக்கு உணவாகின்றன. கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், மிர்கால் அடியிலும் இரை தேடுவதால் அவற்றிடையே போட்டி குறைவு. புல்கெண்டைக்குப் புல்லைப் போட்டால் போதும். அதன் கழிவும் குளத்திற்கு உரமாகிறது. 50 சென்ட் குட்டையில் சுமார் 1,000 குஞ்சுகள் விடலாம். செலவு சொற்பமே, ஆனால் விளைச்சலும் குறைவு.

இரண்டாம் முறையில் குஞ்சுகளை நெருக்கமாக விட்டு, விலைக்கு வாங்கிய தீவனமிட்டு, இயந்திரத்தால் நீரில் காற்றூட்டுவர். விளைச்சல் பல மடங்கு பெருகும். ஆயினும் செலவில் பாதிக்கு மேல் தீவனத்திற்கே போய்விடும். ஆபத்தும் உண்டு. இரவில் பாசிகள் ஆக்ஸிஜனை வெளியிடுவதில்லை. மீன்களோடு சேர்ந்து அவையும் சுவாசிப்பதால், விடியற்காலையில் நீரில் ஆக்ஸிஜன் மிகக் குறைகிறது. அவ்வேளையில் மின்சாரம் நின்றால் ஆறு மாத உழைப்பும் செத்து மிதக்கும். 1994, 1995-ஆம் ஆண்டுகளில் கிழக்குக் கடற்கரை இறால் பண்ணைகளில் வெள்ளைப்புள்ளி நோய் பரவியபோது, முதல் போட்ட பலர் பெரும் நஷ்டமடைந்தனர். செல்வந்தர் அதைத் தாங்குவார். நகையை அடகு வைத்தவர் வீட்டிலோ, மகளின் படிப்பே நின்றுவிடக்கூடும்.

அப்படியானால் சிறு விவசாயி என்றும் சாணத்தோடு நின்றுவிட வேண்டுமா? வேண்டியதில்லை. முதல் அறுவடையில் வந்த பணத்தைக் கொண்டு, அடுத்த முறை தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம அளவில் கலந்து இடலாம். ஆறு வகைக் கெண்டைகளை இவ்வாறு சேர்த்து வளர்த்தால், ஹெக்டேருக்கு ஆண்டில் 3 முதல் 5 டன் வரை பெற முடியும். கடனும் இல்லை, தொழிலும் கைவரும்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பர் நம் பெரியோர். ஆகவே, "எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்குமுன், "அத்தனையும் போனால் நம்மால் தாங்க முடியுமா?" என்று கேட்பதே சிறு விவசாயிக்கு நலம் பயக்கும்.