தங்கவயலில் பழைய கார் இருக்கை வாங்குவோருக்கு

கார் இருக்கை என்பது துணியும் பஞ்சும் மட்டுமன்று. அடியிலுள்ள இரும்புச் சட்டகம், இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தும் ரெயில், சாய்மானத்தை வேண்டிய கோணத்தில் பூட்டி நிறுத்தும் ரிக்ளைனர், பல கார்களில் சீட் பெல்ட்டைக் கோக்கும் பக்கிள் ஆகிய யாவும் சேர்ந்ததே இருக்கை. விபத்தின்போது உடலைத் தாங்குபவையும் இவையே. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர்ப் பிழைப்புக்குப் பெங்களூரை நம்பியிருக்கும் கோலார் தங்கவயலில், ரயிலை விட்டுக் காரில் செல்வோர் ஒரு வழிக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அமர்ந்திருக்க வேண்டியிருப்பதால், பழுதடைந்த இருக்கையை எவ்வாறு மாற்றுவது என்னும் கேள்வி முதுகெலும்பையும் உயிர்க்காப்பையும் சேர்த்தே தொடுகிறது.

உண்மையில் மாற்றம் தேவைதானா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். காற்றடிக்கும் மாதங்களில், சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேடுகளிலிருந்து கிளம்பும் நுண்மணல் காருக்குள் புகுந்து ரெயிலின் பள்ளத்தில் படிந்துவிடுவதால், நகர மறுக்கும் இருக்கை உடைந்துவிட்டதாகப் பலர் கருதிவிடுகின்றனர். மண்ணெண்ணெயால் கழுவிக் கிரீஸ் தடவினாலே அது பெரும்பாலும் சரியாகிவிடும். பஞ்சு அமுங்கி உறை கிழிந்திருந்து, சட்டகம் மட்டும் உறுதியாக இருப்பின், உள்ளூர்க் குஷன் கடையில் புதிய பஞ்சு வைத்துத் தைத்துக்கொள்வதே எல்லாவற்றிலும் மேலான வழி. பொருத்தம் பற்றிய ஐயமே அங்கு எழுவதில்லை.

சட்டகம் வளைந்தோ ரிக்ளைனரின் பற்கள் தேய்ந்தோ போனபின்தான் பழைய இருக்கையைத் தேட வேண்டும். அப்போது காரின் பெயரைவிட அதன் தலைமுறையே முதன்மையானது. தலைமுறை என்பது ஒரே பெயரில், வேறு உடலமைப்போடு வெளிவரும் பதிப்பு. 2005இல் வந்த ஸ்விஃப்ட் 2011, 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் உடல் மாறியது. ஆகவே 2010ஆம் ஆண்டுக் காருக்கு 2014ஆம் ஆண்டின் இருக்கை அப்படியே பொருந்தும் என எதிர்பார்க்கலாகாது. ஒரே தலைமுறையைச் சேர்ந்த ஸ்விஃப்ட், டிசையர் இரண்டிற்கும் முன்னிருக்கைகள் பெரும்பாலும் ஒத்துப்போகும். பின்புற அமைப்பு வேறாதலால் பின்னிருக்கைக்கு இது பொருந்தாது. ஆம்னி வேனின் நிலையோ முற்றிலும் தனி: எஞ்சின் முன்னிருக்கைகளுக்கு அடியிலேயே இருப்பதால், இருக்கையைத் தூக்கினால்தான் மெக்கானிக்கின் கை எஞ்சினை எட்டும், அங்கே வேறு காரின் இருக்கையைப் பொருத்துவது அந்த வழியையே அடைத்துவிடும்.

வாங்குமிடங்களில் அண்மையிலுள்ளவை பெங்களூர் சிவாஜிநகரின் குஜிரிக் கடைகள், அதாவது பழைய உதிரிபாகக் கடைகள். சென்னைப் புதுப்பேட்டை தொலைவெனினும் அங்கு தெரிவு மிகுதி. இரண்டிலும் இருக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பதே முறை. கம்பிகளில் ஒரே சீராகப் படர்ந்த துருவும், பெல்ட் நாடாவின் மடிப்பில் காய்ந்த சேறும், வெயிலில் வைத்தாலும் நீங்காத புழுங்கல் வாடையும் அது வெள்ளத்தில் மூழ்கிய காரின் இருக்கை என்பதைக் காட்டும். 2015 டிசம்பரில் சென்னை கண்டது போன்ற வெள்ளங்களுக்குப்பின் அத்தகையவை சந்தைக்கு வருவது இயல்பு. திருட்டுப் பொருளன்று என்பதற்குப் பில் வேண்டும். 2021ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவுபெற்ற வாகன உடைப்பு நிலையங்களில் கிடைத்தால் சற்றுக் கூடுதல் விலைக்கேனும் அங்கு வாங்குவது நன்று.

பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார்களில், எடுத்துக்காட்டாக 2024 ஸ்விஃப்ட்டில், ஏர்பேக் முன்னிருக்கையின் சாய்மானத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அது ஒருமுறை வெடித்துவிட்ட இருக்கை எவ்வளவு அழகாகத் தைக்கப்பட்டிருப்பினும் பயனற்றது. கழற்றும்போதும் முதலில் பேட்டரியின் எதிர்முனையைப் பிரித்துச் சில நிமிடங்கள் காத்திருந்த பின்னரே மஞ்சள் நிற இணைப்பியைத் தொடலாம். இத்தகைய கார்களுக்குப் பழைய இருக்கையைவிட நிறுவனத்தின் புதிய இருக்கையே ஏற்றது, செலவு மிகினும்.

மற்றொரு வழியாகக் கூறப்படுவது, வேறு காரின் இருக்கையை வாங்கி இரும்புப் பட்டை வெல்டிங் செய்து பொருத்துவது. மலிவும் சொகுசும் கருதிப் பலர் இதை நாடுகின்றனர். ஆயினும் இதை ஏற்க இயலாது. நிறுவனம் சோதித்த வலிமை அந்தப் பற்றவைப்பில் இருக்கும் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை, மோதலில் பயணியோடு இருக்கையும் பெயர்ந்து முன்னே பாயக்கூடும். கூடுதல் இருக்கை சேர்த்தால் பதிவுச் சான்றிதழிலுள்ள இருக்கை எண்ணிக்கையும் மாறுபடுமாதலால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் குறுக்கே நிற்கிறது.

பொருத்தும்போது நான்கு போல்ட்டுகளும் முதல் சில சுற்றுகளுக்கு வெறும் கையாலேயே இறங்க வேண்டும்; ஒன்றுக்கேனும் ஸ்பேனரால் வலிந்து திருக வேண்டியிருந்தால், துளைகள் நேர்படவில்லை என்றே கொண்டு, பழைய இருக்கையை மீண்டும் பூட்டிவிட்டு வாங்கியதைக் கடைக்குத் திருப்பித் தருவதே தகும். ஆதலால் திருப்பி எடுத்துக்கொள்ளும் நாள்கணக்கைப் பில்லிலேயே எழுதி வாங்குவது அவசியம்.