ரேகை வைக்கும் முன்

ஏற்காடு

அன்புள்ள மருமகளுக்கு,

பைபிளில் பவுல் பெயரில் உள்ள நிருபங்கள் எல்லாமே அவர் எழுதியவை இல்லையாமே, அப்படியானால் யாரோ ஏமாற்றினார்களா என்று கேட்டிருந்தாய். சேர்வராயன் மலை முழுக்கக் காலையிலிருந்து மூட்டம். தோட்டத்துக்குப் போக வழியில்லை. சாவகாசமாக எழுதுகிறேன்.

சின்ன வயதில் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை உண்டு. காப்பித் தோட்டத்து லைன் வீடுகளிலிருந்து அக்காமார்கள் இன்லண்ட் லெட்டரோடு வருவார்கள். 'நலம், நலமறிய ஆவல்' என் கைச்சரக்கு. ஆட்டுக்குட்டி செத்த கதை அவர்களுடையது. அடியில் பெருவிரல் ரேகை. அந்தக் கடிதம் யாருடையது, சொல்?

ரோமர் 16ஆம் அதிகாரம், 22ஆம் வசனத்தைப் பார். தெர்தியு என்பவர் திடீரென்று தலையை நீட்டி, இதை எழுதியது நான்தான் என்று தன் பங்குக்கும் வாழ்த்துச் சொல்கிறார். பவுல் சொல்ல, அவர் எழுதியிருக்கிறார். கலாத்தியர் முடிவில் பவுலே கோலை வாங்கி, எவ்வளவு பெரிய எழுத்தில் எழுதுகிறேன் பாருங்கள் என்கிறார். பிலேமோனிடம், அவருடைய அடிமை ஒநேசிமு பட்ட கடன் இருந்தால் நான் தீர்க்கிறேன் என்று சொந்தக் கையால் எழுதித் தருகிறார். ஏறக்குறைய புரோநோட்டு!

அவர் பெயர் தாங்கியவை 13. ரோமர், கொரிந்தியர் இரண்டு, கலாத்தியர், பிலிப்பியர், 1 தெசலோனிக்கேயர், பிலேமோன் ஆகிய 7இல் தகராறு இல்லை. திமோத்தேயு இரண்டிலும் தீத்துவிலும் சொல்லும் நடையும் வேறு. சபைக் கண்காணி எப்படி இருக்க வேண்டும் என்ற கவலையே முன்னால் நிற்கிறது. பவுலுக்குப் பின் வந்தவர் எழுதியது என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. மீதி மூன்றில் அவர்களே இரு கட்சி. எபிரெயர் நிருபத்தில் எழுதியவர் பெயரே கிடையாது. எழுதியவரைக் கடவுளுக்குத்தான் தெரியும் என்று 3ஆம் நூற்றாண்டிலேயே சபை அறிஞர் ஒரிகன் கைவிரித்துவிட்டார்.

குருவின் பெயரில் சீடர் எழுதுவது அந்தக் காலத்தில் மரியாதை என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. எங்கள் பெயரில் வந்ததாகச் சொல்லும் கடிதத்தைக் கண்டு கலங்காதீர்கள் என்று 2 தெசலோனிக்கேயரே எச்சரிக்கிறது. போலி என்றால் என்னவென்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த நிருபமே சந்தேகக் கணக்கில்தான் இருக்கிறது.

ஒருமுறை ஒரு அக்கா ரேகை வைத்த பிறகு, 'உடனே புறப்பட்டு வா' என்று நானாக ஒரு வரி சேர்த்துவிட்டேன். திருப்பூரிலிருந்து மகன் அலறியடித்துக்கொண்டு வந்தான். அவளுக்குச் சந்தோஷம்தான், என்னைத் திட்டவில்லை. ஆனால் அடுத்த கடிதத்திலிருந்து, "ஒருதரம் வாசிச்சுக் காட்டு தம்பி" என்று கேட்டுவிட்டுத்தான் மையில் விரலை வைத்தாள்.

அன்புடன்,
மாமா